கோட்டுக்கு அகலம் இல்லை, வெட்டுக்கு உண்டு

முதன்முதலில் லேசரில் நான் வெட்டிய பெட்டி நிற்கவே இல்லை. மரநாரை அழுத்திச் செய்த 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, ஆறு துண்டுகள், ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டு. கணினியில் பார்த்தபோது பல்லும் பள்ளமும் அச்சாகப் பொருந்தின. கையில் எடுத்துக் கோத்தால் லொடலொடவென்று ஆடியது. மேசையில் வைத்துத் தட்டினேன், பிரிந்து விழுந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த, தச்சுவேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ரம்பம் தின்னதைக் கழிச்சியா தம்பி?"

லேசருக்கு ஏது ரம்பம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்று மாலை வெர்னியர் வாங்கிப் பல்லை அளந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. 10 மி.மீ. என்று வரைந்த பல் 9.81 இருந்தது. அது போய் உட்கார வேண்டிய பள்ளம் 10.19 இருந்தது. இரண்டுக்கும் நடுவே 0.38 மி.மீ. சும்மா கிடந்தது. ஒரு விசிட்டிங் கார்டையே சொருகிவிடலாம்.

திரையில் வரையும் கோட்டுக்கு அகலம் கிடையாது. வெட்டும் கருவிக்கு உடம்பு உண்டு. ரம்பம் தன் பல்லின் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்குகிறது. லேசர் தன் கற்றையின் அகலத்துக்குப் பலகையை ஆவியாக்குகிறது. இப்படித் தின்னப்படும் அகலத்துக்குக் கெர்ஃப் என்று பெயர். லேசர் கட்டிங், வினைல் கட்டிங், பாராமெட்ரிக் டிசைன் என்று மூன்று தனிப் பாடங்களாகத் தெரிபவை எல்லாம் வரைந்ததற்கும் கைக்கு வந்ததற்கும் நடுவே இருக்கும் இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லித்தரும் வழக்கம் ஃபேப் லேப் எனப்படும் பட்டறைகளில் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998-இல் 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்ற பொருளில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அந்த வழியில் வந்தவைதான் இந்தப் பட்டறைகள். புணேக்கு அருகே பாபல் கிராமத்தின் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002-இலேயே ஒன்று வந்துவிட்டது. புதிதாக வருகிறவருக்கு ஆரம்பத்திலேயே இந்த வேலையைக் கொடுப்பார்கள். தட்டையான தகடு, பத்து நிமிடத்தில் துண்டு கையில். காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் ஐந்தாறு முறை தோற்கலாம். முப்பரிமாண அச்சில் அதே ஐந்து தோல்விக்கு ஒரு வாரம் ஆகும்.

கண்ணுக்குத் தெரியாத கத்தி

கடைகளிலும் கல்லூரிப் பட்டறைகளிலும் மரம், அட்டை, அக்ரிலிக் வெட்டும் லேசர் பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு வகை. இதை 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் வாயுக் கலவையில் மின்சாரம் பாயும்போது 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளி பிறக்கிறது. அது அகச்சிவப்பு, நம் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரத்தில் நீங்கள் பார்க்கும் சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி. வெட்டுவது வேறு.

குழாயிலிருந்து வரும் கற்றை மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, கடைசியில் ஒரு லென்ஸ் வழியாகக் கீழே இறங்குகிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருந்தால் மீதி உங்களுக்கே தெரியும். கண்ணாடியைச் சற்று மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் புள்ளி பெருத்துவிடும், புகையே வராது. இங்கேயும் அதேதான். லென்ஸுக்கும் பலகைக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை ஒரு சின்னக் கட்டையால் அளந்து வைப்பார்கள். அந்தக் கட்டையை வைக்க மறந்தால் வெட்டு அகலமாகும், ஓரம் கரியும், பலகை அடிவரை அறுபடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் குற்றம் சக்தியில் இருக்காது, ஃபோகஸில் இருக்கும்.

ஒளி லென்ஸுக்குக் கீழே குவிந்து மறுபடி விரிகிறது, உடுக்கை மாதிரி. ஆகவே வெட்டின் சுவர் நேர்க்குத்தாக இருப்பதில்லை, லேசாகச் சாய்ந்திருக்கும். 3 மி.மீ. பலகையில் இது கண்ணுக்குத் தெரியாது. 8 மி.மீ. அக்ரிலிக்கில் விரலால் தடவினாலே தெரியும்.

திருக வேண்டிய குமிழ்கள் முக்கியமாக இரண்டு: சக்தி, வேகம். நான் பழகிய 60 வாட் இயந்திரத்தில் 3 மி.மீ. எம்.டி.எஃப்.புக்கு வினாடிக்கு 15 மி.மீ. வேகமும் 65 சதவீதச் சக்தியும் போதுமானதாக இருந்தன. இந்த எண்ணை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். குழாய் கிழடாக ஆகச் சக்தி குறையும், கண்ணாடியில் தூசி படியும், பலகையின் பசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு மூலையில் சின்னச் சின்னச் சதுரங்களை வெவ்வேறு வேகத்தில் வெட்டிப் பார்த்து, எது தானாகக் கீழே விழுகிறதோ அந்த எண்ணைப் பலகையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். செதுக்கல் வேலை ஏதும் இருந்தால் முதலில் அதை முடித்து, பிறகு உள் ஓட்டைகள், கடைசியில்தான் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு நழுவிவிடும். அதற்குப் பிறகு வெட்டும் ஓட்டைகள் எல்லாம் இடம் மாறியே விழும்.

வெட்டும்போது இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது. டீ குடிக்கப் போகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் அட்டை பற்றிக்கொள்ளும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நெளிவட்டை, அதாவது அட்டைப்பெட்டி செய்யும் நெளி அட்டை, சட்டென்று எரிந்து சாம்பலாகிவிடும். காற்றுக் குழாய் ஓடுகிறதா, புகைபோக்கி இழுக்கிறதா, லேசர் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் சுற்றுகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்க வேண்டும்.

எதை வெட்டலாம் என்பதைவிட எதை வெட்டக் கூடாது என்பது முக்கியம். பட்டியலில் முதல் பெயர் பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். உங்கள் நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தின் தண்டவாளங்களும் துருப்பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் பி.வி.சி. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. ரெக்சின் என்று வரும், விளம்பரப் பலகைக்கான ஃபோம் ஷீட் என்று வரும், கடைக்காரரும் "எல்லாம் பிளாஸ்டிக்தான் சார்" என்பார். சந்தேகமாக இருந்தால் ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்தப் பிளாஸ்டிக்கில் ஒற்றி, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அந்தத் தகடு லேசர் பக்கமே வரக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், துளியூண்டு எடுத்துச் செய்யுங்கள். அந்தப் புகையும் நல்லதல்ல. பாலிகார்பனேட் மஞ்சளாகிக் கருகும், வெட்டுப்படாது. உலோகம் இந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், அதற்கு 1.06 மைக்ரோமீட்டரில் வேலை செய்யும் ஃபைபர் லேசர் வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன நீல லேசர்கள் மரத்தை வெட்டும், ஆனால் தெளிந்த அக்ரிலிக்கில் அந்த ஒளி ஜன்னலில் வெயில் நுழைவதுபோல் நுழைந்து போய்விடும்.

தின்னாத கத்தி

பி.வி.சி.யை லேசரில் வெட்டக் கூடாது என்றதும் அடுத்த கேள்வி வர வேண்டும். வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் வினைல் என்பதே பி.வி.சி.தான். பிறகு அதை எதால் வெட்டுவது? அதற்குத்தான் இரண்டாவது இயந்திரம்.

நம்மூர் ஸ்டிக்கர் கடையில், பைக் நம்பர் பிளேட்டுக்கு 'ரேடியம்' வெட்டும் இடத்தில், இதைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு பிரிண்டர் மாதிரி இருக்கும். மைக்குப் பதில் ஊசிமுனை அளவுக் கத்தி. சுருளை முன்னும் பின்னும் இழுத்தபடி கத்தி இடவலமாக ஓடும். கத்தியைத் திருப்ப மோட்டார் எதுவும் கிடையாது. ட்ராலி பெட்டியின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள்: நீங்கள் இழுக்கும் பக்கம் அது தானாகவே திரும்பிக்கொள்கிறது, ஏனென்றால் சக்கரம் அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறது. இந்தக் கத்தியின் முனையும் அப்படியே, அச்சிலிருந்து கால் மி.மீ. அளவு விலகி நிற்கும். அந்த விலகலை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் சதுரத்தின் மூலைகள் எல்லாம் மழுங்கி வரும்.

வெட்டின் ஆழம்தான் இங்கே கலை. மேலே உள்ள வினைல் முழுக்க அறுபட வேண்டும், அடியில் உள்ள மெழுகுத்தாள் அறுபடக் கூடாது. கத்தியின் அழுத்தத்தை கிராமில் வைப்பார்கள். சாதாரண வினைலுக்கு 80, 90 என்று ஆரம்பித்து, ஒரு சின்னச் சதுரம் வெட்டி உரித்துப் பாருங்கள். சதுரம் மட்டும் கையோடு வந்து, அடித்தாளில் நகத்தால் கீறிய மாதிரி லேசான தடம் தெரிந்தால் சரி. தடமே இல்லையென்றால் அழுத்தம் போதாது. வெளிச்சம் தெரிந்தால் அதிகம்.

வெட்டியபின் வேண்டாத வினைலை முள்வாங்கியாலோ கொக்கியாலோ உரிக்க வேண்டும். இதற்கு வீடிங் என்று பெயர், களையெடுப்புதான். ஆங்கில எழுத்தில் இது சட்டென்று முடியும். தமிழில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. 'ண' ஒன்றுக்கே எத்தனை சுழி! ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு துணுக்கு. 'தமிழ்' என்று ஒரு முறை வெட்டினேன். களையெடுத்து, ஒட்டுத்தாள் போட்டு, மடிக்கணினி மூடியில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் 'தமிழ' என்று இருந்தது. 'ழ்' மேலிருந்த புள்ளி களையோடு களையாகக் குப்பைக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுத்தான் வெட்டுவது.

தமிழ் எழுத்தில் இன்னொரு வலையும் இருக்கிறது. எழுத்துருவை அப்படியே அனுப்பினால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு இடம் மாறி நிற்கும். ஆகவே இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிட்டே சேமிக்க வேண்டும். மாற்றியபின் பெரிதாக்கிப் பாருங்கள். சில எழுத்துருக்களில் உயிர்மெய்க் குறி எழுத்தின்மேல் ஏறிக் கிடக்கும். திரையில் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிவதால் கண்ணில் படாது. கத்திக்கு அது இரண்டு தனி உருவம். குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு அனுப்புங்கள். சட்டையில் இஸ்திரி போட்டு ஒட்டும் வினைலாக இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியே வெட்ட வேண்டும். இதை மறக்காதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கவனித்தீர்களா, வினைல் கத்தியிடம் கெர்ஃப் பேச்சே வரவில்லை. அது எதையும் தின்பதில்லை. பிளந்துவிட்டு நகர்கிறது, கத்தரிக்கோல் மாதிரி. லேசர் மட்டும் ரம்பத்தின் ஜாதி.

தின்னதை அளப்பது

ஒரு கெர்ஃபை நேரடியாக அளப்பது சிரமம். வெர்னியரின் தாடை அந்தப் பிளவுக்குள் போகாது. ஆகவே பத்தாகப் பெருக்கி அளக்க வேண்டும். 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு செவ்வகம் வரைந்து, 10 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குக்கோடு போட்டுப் பத்துத் துண்டுகளாக வெட்டுங்கள். பத்தையும் இடைவெளியில்லாமல் நெருக்கி வைத்து மொத்த நீளத்தை அளங்கள். என் பலகையில் 98.1 வந்தது. 1.9 காணாமல் போயிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் இரண்டு பக்கமும் அரை அரைக் கெர்ஃப் இழந்திருக்கிறது, ஆக துண்டுக்கு ஒரு கெர்ஃப். பத்தால் வகுத்தால் 0.19 மி.மீ.

இப்போது என் பெட்டிக்கு என்ன நடந்தது என்று புரிந்திருக்கும். கற்றை நான் வரைந்த கோட்டின் நடுவே ஓடியது. பல்லின் இரு பக்கமும் தேய்ந்து 10 என்பது 9.81 ஆனது. பள்ளத்தின் இரு பக்கமும் விரிந்து 10.19 ஆனது. தையல்காரர் தையலுக்கு என்று அளவைத் தாண்டித் துணி விட்டு வெட்டுகிறார் இல்லையா, அந்த மிச்சத்தை நான் விடவில்லை. துண்டின் வெளிக்கோட்டை அரைக் கெர்ஃப் வெளியே தள்ளியும், உள் ஓட்டையை அரைக் கெர்ஃப் உள்ளே தள்ளியும் வரைந்தால் சரியாகிவிடும். பல லேசர் மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்யும். நீங்களும் தள்ளி, அதுவும் தள்ளினால் பல் உள்ளேயே போகாது. யாராவது ஒருவர் செய்தால் போதும்.

பிரெஸ்-ஃபிட் என்பது இதற்கு அடுத்த படி. பசை இல்லை, ஆணி இல்லை. இறுக்கத்தினாலேயே பிடித்து நிற்க வேண்டும். பழகுவதற்கு மிக எளிய வடிவம், ஓரத்தில் பிளவு போட்ட தட்டைத் துண்டுகள். ஒன்றின் பிளவில் இன்னொன்றின் பிளவைக் குறுக்காகச் சொருகுவது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1952-இல் சீட்டுக்கட்டு ஒன்றில் சீட்டுக்கு ஆறு பிளவு வெட்டி விளையாட்டுப் பொருளாக வெளியிட்டார்கள். அதைக் கோத்துக் கோத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். ஆறு வருடம் கழித்து இதே தம்பதி இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கைதான் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறக்கக் காரணம். அது வேறு கதை.

பிளவைத் தச்சர்கள் காடி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். காடிக்குள் நுழைவது இன்னொரு துண்டின் தடிமன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தடிமனை லேசர் தொடுவதே இல்லை, அது பலகை வந்த அளவிலேயே இருக்கிறது. காடி மட்டும்தான் விரிகிறது. ஆகவே பெட்டிப் பல்லில் இரண்டு பக்கமும் தப்பு நடந்ததுபோல் இங்கே நடக்காது. ஒரே ஒரு கெர்ஃபைக் கழித்தால் போதும்.

அந்தத் தடிமன் எவ்வளவு? கடையில் 3 மி.மீ. என்று கொடுத்தார்கள். வெர்னியரில் 2.85. இது ஏமாற்று அல்ல, கடைக்காரர் சொல்லும் எண் ஒரு பெயர் மட்டுமே. ஒரே பலகையில் நாலு இடத்தில் அளந்து பாருங்கள், நாலும் ஒன்றாக இருக்காது. 2.85-இல் 0.19 கழித்தால் 2.66. அந்த அகலத்தில் காடியை வரைந்தால் வெட்டியபின் சரியாக 2.85 வரும், பலகை உரசிக்கொண்டு உள்ளே போகும். ஆனால் பிடிக்காது. தலைகீழாகத் தூக்கினால் நழுவும். பிடிப்பதற்கு இன்னும் கொஞ்சம் நெருக்க வேண்டும். எவ்வளவு என்று சூத்திரம் சொல்லாது, கைதான் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு சீப்பு வெட்டுவார்கள். ஒரே துண்டில் வரிசையாகக் காடிகள்: 2.50, 2.55, 2.60, 2.65, 2.70, 2.75. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் அந்த எண்ணைச் செதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எது எது என்று தெரியாமல் மறுபடி வெட்டுவீர்கள். இப்படி இரண்டு சீப்பு செய்து ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தேன். 2.75 தொளதொள. 2.70-உம் 2.65-உம் போய் வந்தன. 2.60-இல் கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருந்தது, 'டக்' என்று ஒரு சத்தம், தூக்கி ஆட்டினாலும் விழவில்லை. 2.55-ஐச் சுத்தியலால் தட்டினேன், எம்.டி.எஃப். ஓரம் ஏடு ஏடாகப் பிரிந்தது. ஆக என் இறுக்கம் 2.66-க்கும் 2.60-க்கும் உள்ள வித்தியாசம், 0.06 மி.மீ. தலைமுடி ஒன்றின் தடிமன் இருக்கும்.

இந்த எண் எம்.டி.எஃப்.புக்கு. நெளிவட்டை நன்றாக நசுங்கிக் கொடுக்கும், இன்னும் தாராளமாக இறுக்கலாம். நெளிவு ஓடும் திசையில் காடி போட்டால் மட்டும் சீக்கிரம் துவண்டுவிடும். அக்ரிலிக் துளியும் விட்டுக்கொடுக்காது, காடியின் உள்மூலையில் 'படக்' என்று விரிசல் ஓடும். முதல் நாளே அக்ரிலிக் வாங்க ஆசை வரும், பளபளப்பு அப்படி. பழைய அட்டைப்பெட்டியில் ஆரம்பிப்பது பணத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. காடியின் வாயை மட்டும் இரு பக்கமும் அரை மி.மீ. சாய்த்து விரித்துவிட்டால் துண்டு தானாக வழி பிடித்து நுழையும்.

எண்ணை எழுதாமல் பெயரை எழுதுவது

சரி, 2.60 கிடைத்துவிட்டது. வட்டம், முக்கோணம், அறுகோணம் என்று ஒரு கட்டுமான விளையாட்டுச் சாமான் வரைகிறீர்கள். மொத்தம் நாற்பது காடி. நாற்பதிலும் 2.60 என்று அடித்து வைக்கிறீர்கள். அடுத்த வாரம் கடையில் அந்தப் பலகை தீர்ந்துபோய் வேறு கம்பெனிப் பலகை வருகிறது, தடிமன் 3.05. நாற்பதையும் திருத்த வேண்டும். நிச்சயம் இரண்டை விட்டுவிடுவீர்கள்.

மார்கழியில் கோலப்புத்தகத்தைப் பாருங்கள். '15 புள்ளி, 8 வரை, இடுக்குப்புள்ளி' என்று இருக்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று எங்கும் எழுதியிருக்காது. வாசல் சின்னதென்றால் நெருக்கி வைப்பார்கள், தெருவையே அடைக்க வேண்டுமென்றால் விரித்து வைப்பார்கள். கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் புள்ளிக்குப் போகிறது என்ற உறவு மட்டும் மாறாது. பாராமெட்ரிக் டிசைன் என்பது இதுதான்: அளவை எழுதாமல் உறவை எழுதுவது.

மென்பொருளில் ஒரு சின்ன அட்டவணை திறந்து 'தடிமன் 2.85, கெர்ஃப் 0.19, இறுக்கம் 0.06' என்று மூன்று பெயருக்கு மூன்று எண் கொடுங்கள். நாலாவதாக 'காடி = தடிமன் − கெர்ஃப் − இறுக்கம்' என்று எழுதுங்கள், எக்செல்லில் சூத்திரம் போடுவதுபோல. இனி வரைபடத்தில் எந்தக் காடியிலும் எண் அடிக்கக் கூடாது. 'காடி' என்ற பெயரையே அடிக்க வேண்டும். ஃப்ரீகேட் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்குள்ளேயே அட்டவணை உண்டு. ஃபியூஷன், ஆன்ஷேப் இரண்டிலும் இதே வேலையைச் செய்யலாம். நிரல் எழுதப் பிடிக்குமென்றால் ஓபன்எஸ்கேட். இங்க்ஸ்கேப்பில் அழகாக வரையலாம், ஆனால் இந்தப் பெயர் வைக்கும் வேலைக்கு அது லாயக்கில்லை.

பெயர் வைத்தால் மட்டும் போதாது, கோடுகளுக்குள் கட்டுப்பாடும் போட வேண்டும்: இது அதற்கு இணை, இந்தக் காடி எப்போதும் இந்தப் பக்கத்தின் நட்ட நடுவில், இந்த ஆறும் ஒரே அளவு என்று. கணினியிடம் இப்படிப் பேசலாம் என்பதை 1963-இலேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் ஸ்கெட்ச்பேட் நிரலில் காட்டிவிட்டார். 1988-இல் வந்த புரோ எஞ்சினியர் மென்பொருள் அந்தப் பாதையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனது. கட்டுப்பாடு போட்டுவிட்டோமா என்று தெரிந்துகொள்ள ஒரு முரட்டுச் சோதனை உண்டு. தடிமனை 12 என்று மாற்றிப் பாருங்கள். படம் குண்டாகி அசிங்கமானாலும் முறை தவறாமல் நின்றால் நல்லது. ஒரு காடி மட்டும் தனியே பறந்துபோய் வெளியே நின்றால், எங்கோ ஒரு கோட்டைக் கட்டாமல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு முதல்முறை அறுகோணம் உள்வெளியாகப் புரண்டு, ஏதோ பூச்சி மாதிரி ஆகிவிட்டது.

வெட்டக் கொடுக்கும்போது கோப்பு டி.எக்ஸ்.எஃப். ஆகவோ எஸ்.வி.ஜி. ஆகவோ போகும். டி.எக்ஸ்.எஃப்.பில் 100 என்று இருப்பது மி.மீ.யா இஞ்சா என்று இரண்டு மென்பொருள்களுக்குள் தகராறு வரும். 25.4 மடங்கு பெருத்தோ சிறுத்தோ வந்தால் இதுதான் காரணம்: 100 மி.மீ. துண்டு 4 மி.மீ. பொடியாக வந்து விழும். இங்க்ஸ்கேப்பும் 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 புள்ளி என்பதை 96 ஆக மாற்றியது. அதற்கு முந்தைய கோப்பைத் திறந்தால் அளவு லேசாக மாறிப்போய் நிற்கும், லேசாக என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். எல்லாக் கோப்பிலும் ஓர் ஓரத்தில் 50 மி.மீ. சதுரம் ஒன்று போட்டு வைப்பது என் வழக்கம். முதலில் அதை மட்டும் வெட்டி அளப்பேன்.

என் கட்டுமானச் சாமான் மே மாதத்தில் வெட்டியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் ரயில், தேர், டைனோசர் எல்லாம் கட்டிப் பார்த்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் நாலு துண்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார்கள். அதே பலகையில் மிச்சம் இருந்ததை எடுத்து, அதே கோப்பை வெட்டினேன். புதுத் துண்டு எதிலும் பழைய துண்டு ஏறவில்லை. அழுத்தினால் ஓரம் உரிந்தது. எம்.டி.எஃப். ஈரத்தைக் குடித்து ஊதியிருந்தது. வெர்னியர் 2.96 காட்டியது. அட்டவணையில் 2.85-ஐ அழித்துவிட்டு 2.96 என்று அடித்தேன். நாலு துண்டும் வெட்டி முடிய மூன்று நிமிடம் ஆனது.